நால்ரோட்டில் நாலு விளக்கு

கிட்டுசாமிக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று யாராவது சொன்னால் அவருக்கு அது பாராட்டாகவே படாது. இந்தக் காலத்தில் வண்டி ஓட்ட யாருக்குத்தான் தெரியாது? தனக்கு ரோட்டைத் தெரியும் என்று சொல்ல வேண்டும் என்பார். பெருமாநல்லூர்ப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். காலையில் குன்னத்தூரைச் சுற்றியிருக்கிற ஊர் ஊராகப் போய் டெய்லர்களையும் செக்கிங் பெண்களையும் ஏற்றிக்கொண்டு வருவது, வேலை முடிந்ததும் அவரவர் ஊரில் கொண்டுபோய் இறக்குவது, இதுதான் வேலை. வேன் கம்பெனியுடையது. ஆனாலும் முதலாளியே அதைக் கிட்டண்ணன் வண்டி என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லும்போது கிட்டுசாமி வேறெங்கோ பார்ப்பதுபோல் நிற்பார். காது மட்டும் அந்தப் பக்கம் இருக்கும்.

அவருடைய அப்பா மானாவாரிக் காட்டில் சோளமும் எள்ளும் விதைத்து, மழையை நம்பிப் பிழைத்தவர். மகனுக்கு மண்ணில் ஒட்டுதல் இல்லை. மீசை அரும்பும் முன்பே லாரியில் கிளீனராக ஏறினார். லாரி கழுவினார், டயர் கழற்றினார், டிரைவரின் வசவெல்லாம் வாங்கிக்கொண்டு ஒருவழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பனியன் பெட்டிகளோடு பம்பாய், கல்கத்தா என்று சுற்றினார். முதுகுவலி வந்த பிறகு, இனிமேலாவது வீட்டில் சோறு தின்னுங்கள் என்று மனைவி சுப்புலட்சுமி பிடிவாதம் பிடிக்க, லாரியை விட்டுவிட்டு வேனுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பேச்சு எப்படியோ சுற்றிச் சுற்றி அந்தக் கோழிக்கு வந்து சேரும். சுப்புலட்சுமி அப்போது இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

பெருமையடிக்க விஷயம் இல்லாமலும் இல்லை. எங்கள் பக்கத்துக் காட்டு ரோடுகளில் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மழை பெய்த வருஷம் சோளம் அதற்கும் மேல் வளர்ந்துவிடும். குறுக்கே ஒரு ரோடு வந்து சேருவதே பக்கத்தில் போகிறவரை தெரியாது. அந்த மாதிரி இடங்களில் கிட்டுசாமி பாட்டை நிறுத்துவார், கண்ணாடியை இறக்கி வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார், ஹாரன் அடிப்பார், கால் பிரேக்கின் மேலேயே இருக்கும். பின்னால் பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தாலும் அசைய மாட்டார். கம்பெனிக்குப் புதிதாக வரும் வேன் டிரைவர்களை, ஒரு வாரம் கிட்டண்ணனோடு போய்வா என்று மேனேஜர் அனுப்பிவைப்பார். அவர்களெல்லாம் இவரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் கைகட்டி உட்கார்ந்து வருவார்கள்.

அவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் பார்க்கிங் லைட். நாலு மூலையிலும் இண்டிகேட்டர் ஒன்றாக மினுக்குமே, அதுதான். வண்டி ரிப்பேராகி ரோட்டில் நிற்கும்போது போட வேண்டிய விளக்கு அது. ஆனால் கிட்டுசாமி நால்ரோட்டில் நேராகப் போவதற்கு அதைப் போடுவார். இடது பக்கம் திரும்ப ஒன்று இருக்கிறது, வலது பக்கம் திரும்ப ஒன்று இருக்கிறது, நேராகப் போகிறவனுக்கு என்ன இருக்கிறது? வண்டி செய்தவன் மறந்துவிட்டான் என்பது அவர் கட்சி. பிரபாகர் என்ற டிரைவர் புதிதாக வந்தபோது அவர் விளக்கம் சொன்ன விதமே தனி.

"ரெண்டு பக்கமும் போட்டா ரெண்டு பக்கமும் போகலைன்னு அர்த்தம் கண்ணு. அப்பறம் நேராத்தான போகோணும்?"

பிரபாகர் தலையாட்டினான். நியாயமாகப் பார்த்தால் கிட்டுசாமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லாரி ஓட்டிய காலத்திலேயே எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், இன்றைக்கும் நம் ஊர்க் கார்க்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் செய்ததோடு நின்றார்கள், இவர் அதைப் பாடமாக எடுத்தார். போடாமல் போகிறவனைப் பார்த்தால், லைசென்ஸை யாரிடம் வாங்கினானோ என்று முகத்தைச் சுளிப்பார்.

விபத்து நடந்தது ஊஞ்சக்காட்டு நால்ரோட்டில், ஒரு மாசி மாதக் காலையில். குன்னத்தூர் ரோட்டை ஒரு சின்னத் தார்ரோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இடம் அது. ஒரு மூலையில் அலாவுதீனின் பேக்கரி, மற்ற மூலைகளில் கிளுவை வேலி. வேன் நிறையப் பெண்கள். முன்னால், மாட்டுக்குப் போடும் காய்ந்த சோளத்தட்டு பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று வலது பக்கம் திரும்புவதற்காக நடுரோட்டில் நின்றது. எதிரே வந்த டவுன் பஸ் போகட்டும் என்று அது காத்திருந்தது. தட்டு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ரோட்டில் பாதியை அடைத்திருந்தது. கிட்டுசாமி வழக்கப்படி வேகத்தைக் குறைத்தார், ஹாரன் அடித்தார், பார்க்கிங் லைட்டைப் போட்டார், டிராக்டருக்கு இடது பக்கம் இருந்த சந்தில் நேராகப் போனார்.

இடதுபக்கச் சின்ன ரோட்டில் ஒரு மொபெட் நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்த பெண் வேனை நிமிர்ந்து பார்த்ததை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டாள், இனி நிற்பாள் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அவளோ பார்த்துவிட்டுக் கிளம்பினாள். அவர் மறுபடியும் பிரேக்கை அழுத்தியபோது மொபெட்டின் பின்பக்கம் வேனின் மூக்கில் மாட்டியிருந்தது.

மொபெட்டில் ஒரு பெரிய பனியன் மூட்டை இருந்தது. அந்தப் பெண் வீட்டிலிருந்தபடியே பனியனில் நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவள், முடித்த துணியைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மூட்டை பிரிந்து பனியனெல்லாம் ரோட்டில் சிதற, அவள் அதன் நடுவில் ஒரு காலை மடக்கமுடியாமல் கிடந்தாள். கிட்டுசாமி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். பயந்துபோனவனுக்குக் கத்துவதுதான் சுலபம். தெருநாயை விரட்டுவதானாலும் 'போங்க' என்று விரட்டுகிற மனிதர் அவர், அன்றைக்கு அந்த 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை.

"இண்டிகேட்டர் போட்டிருக்கறது தெரியல? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

வேன் பெண்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கீழே கிடந்தவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இண்டிகேட்டரப் பாத்துத்தானுங்க வந்தேன்," என்றாள்.

யாரோ ஒரு பெண்ணுக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். இண்டிகேட்டரைப் பார்த்தால் நிற்பார்களா, வருவார்களா? அலாவுதீன் தண்ணீர் கொண்டுவந்தார், டிராக்டர்க்காரர் இறங்கி வந்து மொபெட்டை ஓரம் கட்டினார், ஆம்புலன்ஸ் வந்தது. அவள் பெயர் அமராவதி, பக்கத்து ஊர், புருஷன் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

வேன் நிறைய சாட்சி இருந்தது. ஹாரன் அடித்ததைக் கேட்டோம், மெதுவாகத்தான் வந்தார், அந்தம்மாதான் குறுக்கே வந்தது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கம்பெனி மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போய் அமராவதியின் புருஷனிடம் பேசினார். புருஷனும் மனைவி மேல்தான் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகாமல் முடித்துக்கொண்டார். கிட்டுசாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சாப்பிட்டார். தன் மேல் தப்பில்லை என்று ஊரே சொல்லும்போது எத்தனை நாள்தான் பட்டினி கிடப்பது?

அதன்பிறகு அவர் செய்ததைத்தான் சொல்லவே கூசுகிறது. கம்பெனியில் டீ டைமில் யாரோ என்ன நடந்தது என்று கேட்க, அவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, அமராவதி பேசியதை அவள் குரலிலேயே பேசிக் காட்டினார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கால், அந்தத் 'தானுங்க'வை ஒரு இழுப்பு இழுத்து, "இண்டிகேட்டரப் பாத்துத்தானுங்ங்க வந்தேன்" என்றார். கால் ஒடிந்து கிடக்கிறபோதும் அத்தனை மரியாதையாக அப்படி ஒரு அசட்டுப் பேச்சு என்பதில்தான் ருசியே இருந்தது. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியதைக் கிட்டுசாமி உணர்ந்தார். அதனால் அடுத்த நாளும் பேசிக் காட்டினார். அதற்கடுத்த நாள் கேட்கும் முன்பே பேசிக் காட்டினார்.

பிறகு அது கம்பெனிப் பேச்சாகவே ஆகிவிட்டது. டெய்லர் ஒருத்தி பனியனின் கையை இடம் மாற்றித் தைத்துவிட்டால், "பாத்துத்தானுங்க தெச்சேன்" என்பாள், மொத்த லைனும் சிரிக்கும். பேக்கிங்கில் சைஸ் மாறிப்போனால் அதே பேச்சு. வேனில் ஏறும் பெண்கள் அதைத் தங்கள் தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள். செக்கிங்கில் வேலை பார்க்கும் தெய்வாத்தாள் மட்டும் ஒருநாள், அந்தப் புள்ளை பாவம், விடுங்க சாமி என்று சொல்லிப் பார்த்தாள். சும்மா தமாஷுக்குத்தானே என்று கிட்டுசாமி சொல்லிவிட்டார்.

சித்திரையில் அமராவதியின் அண்ணன் கோபிப் பக்கத்திலிருந்து கம்பெனிக்கு வந்து, என் தங்கச்சி அப்படியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவள் இல்லை, நான் கேஸ் கொடுப்பேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். மேனேஜர் கிட்டுசாமியைக் கூப்பிட்டு, பேக்கரியில் கேமரா இருக்கிறதே, அன்றைய வீடியோ கிடைத்தால் வாங்கி வையுங்கள் என்றார். கிட்டுசாமிக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாங்கினால் போயிற்று, கழுவிவைத்த கண்ணாடி மாதிரி எல்லாம் தெரியுமே என்று கிளம்பினார்.

அலாவுதீன் அந்தக் காட்சியை அன்றைக்கே தன் போனில் எடுத்து வைத்திருந்தார். பேக்கரியில் டீ குடிக்க வந்த இரண்டு மூன்று பேரும் தலையை நீட்டிக்கொண்டார்கள். கேமரா சின்ன ரோட்டுப் பக்கம் மாட்டியிருந்தது. படத்தில் அமராவதியின் முதுகும் மொபெட்டும் தெரிந்தன. அவள் நின்றிருந்தாள். பஸ் குறுக்கே போனது. நடுரோட்டில் தட்டு டிராக்டர். அதன் மறைவிலிருந்து ஒரு வேனின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வேனின் வலது பாதியைத் தட்டு மறைத்திருந்தது. தெரிந்த பாதியில் இடது இண்டிகேட்டர் மினுக்கியது.

கிட்டுசாமிக்கு அந்த ஒரு நொடியில், இந்த வேன் எதற்கு இந்தச் சின்ன ரோட்டுக்குள் திரும்புகிறது என்றுதான் தோன்றியது. தன் வண்டி அது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

படத்தில் அமராவதி வேனைப் பார்த்தாள், கால் எடுத்தாள், வந்தாள். வேன் திரும்பவில்லை. பேக்கரியில் இருந்தவர்கள் ச்சூ கொட்டினார்கள். பாருங்க, தெளிவா விளக்குப் போட்டிருக்கு, அதைப் பார்த்துக்கிட்டே வருது பாருங்க என்று ஒருவர் சொன்னார். உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்கண்ணா என்று அலாவுதீன் சொன்னார். கிட்டுசாமி இன்னொருக்காப் போடச் சொன்னார். மறுபடியும் ஒரே ஒரு விளக்கு. இடது பக்கம் திரும்புகிறேன், நீ தாராளமாகப் போகலாம் என்று அது அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. அவள் அதை நம்பினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இண்டிகேட்டரைப் பார்த்துத்தான் வந்தாள். சத்தியமான வார்த்தை. அதைச் சொன்னதற்காகத்தான் அவளை ஊர் சிரிக்க வைத்திருந்தார்.

காது மடலெல்லாம் சூடேறியது கிட்டுசாமிக்கு. பக்கத்தில் இருக்கிறவர்கள் தன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று டீ கிளாஸை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கேயிருந்த எல்லாருமே நேராகப் போக நாலு விளக்கும் போடுகிறவர்கள்தான். வீடியோவை வாங்கி மேனேஜருக்கு அனுப்பினார். சூப்பர்ணா, கிளியரா இருக்கு என்று பதில் வந்தது. கிட்டுசாமி அதற்கு ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவைத்தார். அனுப்பிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த நாளிலிருந்து நால்ரோட்டில் அவர் கை அந்த ஸ்விட்சுக்குப் போகவில்லை. ஏனுங்கண்ணா லைட்டுப் போடலை என்று பின்னாலிருந்து கேட்டார்கள். ஸ்விட்ச் ரிப்பேர் என்றார். வழியில் பிரபாகரின் வேன் எதிரே வந்தது, நாலு மூலையும் மினுக்கிக்கொண்டு, அண்ணனைப் பார்த்து ஒரு ஹாரனும் அடித்துவிட்டுப் போனது. இவர் பாடம் எடுத்த அத்தனை பேரும் இந்தக் காட்டு ரோடுகளில் இப்படித்தான் போகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு டெம்போவுக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய பாதி விளக்கைப் பார்த்துக்கொண்டு இன்னும் யார் யார் காலெடுக்கப் போகிறார்களோ?

டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார்? நேராகப் போக விளக்கே வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும், குறுக்கே நிற்கிறவன் நம் வண்டியைப் பாதிதான் பார்ப்பான் என்றெல்லாம் சரியாகத்தான் சொன்னார். மற்றவன் விளக்கையும் முழுசாக நம்பாதே, சக்கரம் திரும்புகிறதா என்று பார் என்றார். எதற்கு இப்போது திடீரென்று என்று பிரபாகர் கேட்டான். ஆர்டிஓ ஆபீசில் ரொம்பக் கெடுபிடியாம், ஃபைன் போடுகிறார்களாம் என்று சொல்லிவிட்டார். அமராவதி பெயரை எடுக்கவே இல்லை.

வீட்டில் சுப்புலட்சுமி இவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், படம் உட்பட. அந்தப் பெண்ணுக்குக் கண் பார்வை போய்விட்டது என்று புருஷன் வீட்டில் முடிவுகட்டி, கண்ணாடி போட்டுவிட்டு, மொபெட்டைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டானாம் என்று ரேஷன் கடையில் கேள்விப்பட்டதை அவள் சொன்னாள். முடித்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாமல் வேலையும் நின்றுபோனதாம். நீங்கள் வாயைத் திறந்தால் அவளுக்கு வண்டியாவது கிடைக்கும் என்றாள். கிட்டுசாமி பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலையில் ஊஞ்சக்காட்டு நால்ரோடு தாண்டி வேனை ஓரம் கட்டிவிட்டு, சீட்டிலிருந்தபடியே பின்னால் திரும்பினார். அந்தம்மா மேல் தப்பில்லை, நான் போட்ட விளக்குத்தான் அதை ஏமாற்றிவிட்டது, வீடியோவில் பார்த்தேன் என்று சொன்னார். அப்படியென்றால் அது சொன்னது நெசந்தானா என்று தெய்வாத்தாள் கேட்டாள். நெசந்தான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மேனேஜரிடமும் போய்ச் சொன்னார். மேனேஜர் முகம் சுருங்கிப்போய், இதை வெளியே எதற்குச் சொல்கிறீர்கள் என்றார். சொல்லத்தான் வேண்டுமுங்க என்று கிட்டுசாமி வந்துவிட்டார்.

இதையெல்லாம் செய்து முடித்ததும் மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வந்துவிட்டது. எத்தனை பேர் இப்படி ஒத்துக்கொள்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அமராவதி வீட்டுக்குப் போனார். அவள் அழுவாள், இல்லை கையெடுத்துக் கும்பிடுவாள், பரவாயில்லை அம்மிணி என்று நாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார். தப்பு செய்தவன் ஆறுதல் சொல்லப் போகிற லட்சணம் அது.

அமராவதி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் கட்டு இல்லை, பக்கத்தில் வாக்கர் இருந்தது. தடித்த சட்டம் போட்ட கண்ணாடி மூக்கில் இருந்தது, அதற்கு மேலாகத்தான் அவரைப் பார்த்தாள். வாங்கண்ணா என்றாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தார். உள்ளேயிருந்து மாமியார் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகிலேயே நின்றுகொண்டாள். கிட்டுசாமி வாயைத் திறக்கும் முன்பே அமராவதி, என்னால் உங்களுக்கும் கம்பெனிக்கும் ரொம்பச் சிரமம், அண்ணன் வந்து சத்தம் போட்டதையும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். உட்கார்ந்திருந்த நாற்காலி அவருக்கு உறுத்தியது.

போனை எடுத்துப் படத்தை அவளுக்குக் காட்டினார். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். இதோ இந்த விளக்கு, மற்ற விளக்கு தட்டுக்குப் பின்னால், உனக்கு இது மட்டுந்தான் தெரிந்திருக்கும். உன் மேல் தப்பே இல்லை, உன் கண்ணிலும் ஒரு கோளாறும் இல்லை, உன் வீட்டுக்காரரிடமும் நானே வந்து சொல்கிறேன். மாமியார் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

அமராவதி படத்தை முடியும்வரை பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"எனக்கே சந்தேகமாப் போச்சுங்கண்ணா," என்றாள். "அல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் எதையோ பாத்துட்டு ஒளர்றனோன்னு இருந்தேன்."

அவள் அழவில்லை. கும்பிடவும் இல்லை. போனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் போன ஒரு வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிட்டுசாமி பழப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அப்போ நான் வரட்டுமா அம்மிணி என்று எழுந்தார்.

"ஒரு நிமிசம் உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்குப் பேசுனத நீங்க பேசிக் காட்டுவீங்களாமா. எங்க ஊட்டுக்காரரே ஒருக்கா வந்து அதே மாதிரி சொல்லிக் காட்டிச் சிரிச்சாருங்க. பக்கத்து ஊட்டுப் புள்ளைகளும் சொல்லுதுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருமுன்னு சொல்றாங்க. நான் கேட்டதே இல்லீங்க. ஒருக்கா பேசிக் காட்டுங்க."

குரலில் கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. நிஜமாகவே கேட்டாள். கிட்டுசாமி கதவருகில் நின்ற மாமியாரைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கைப் பற்றிச் சொன்னதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தார். விளக்கு தெரியாமல் போட்டது. மற்றது ஒவ்வொரு நாளும் தெரிந்தே, ரசித்து ரசித்துச் செய்தது. அதைப் பற்றி வேனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவளிடமும் சொல்லாமல் எழுந்து போகத்தான் இருந்தார். வியர்த்துக் கொட்டியது. வேண்டாம் அம்மிணி என்றார், தப்புத்தான் என்றார், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றார்.

"காலெல்லாம் வேண்டாமுங்க. பேசிக் காட்டுங்க, போதும்."

வேறு வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டே ஆரம்பித்தார். கழுத்து சாயவில்லை, மூக்கால் பேச வரவில்லை, எதையும் இழுக்கவும் முடியவில்லை. தன் சொந்தக் குரலில், பாதி கேட்டும் கேட்காமலும், "இண்டிகேட்டரப் பாத்துத்தானுங்க வந்தேன்" என்றார்.

அமராவதி இன்னும் ஏதோ இருக்கிறது என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, விளங்காத ஒன்றைக் கேட்கிறவளாக மெதுவாகக் கேட்டாள்.

"இவ்வளவுதானுங்களா? இதுக்காங்கண்ணா அத்தன பேரும் சிரிச்சீங்க?"